நெடுந்தீவு மாணவியின் மடிக்கணினி

2022 நடுப்பகுதியில் சட்டத்தரணியான என்னிடம் வந்த ஒரு கோப்பில் மூன்றே தாள்கள் இருந்தன: இரவல் ஒப்பந்தம், பொருளைத் திருப்பித் தரச் சொன்ன கடிதம், விலையைக் கட்டச் சொன்ன கடிதம். கொண்டு வந்தவர் நெடுந்தீவு மாணவி ஒருவர். இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டார். பட்டச் சான்றிதழ் மட்டும் கையில் இல்லை. பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கிய மடிக்கணினிக்குள் தண்ணீர் புக விட்டுவிட்டாராம். புதியதன் சந்தை விலையும் அதற்குமேல் 25 சதவீதமும் கட்டினால்தான் நிலுவை இல்லை என்ற கையொப்பம் கிடைக்குமாம். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் சூமுக்கு மாறியதை எல்லோரும் அறிவோம். கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பீடங்கள் தம்மிடம் இருந்தவற்றை இரவல் கொடுத்தன. நல்ல காரியம், அவசரத்தில் செய்யப்பட்டது. நெடுந்தீவுக்குத் தேசிய மின்கட்டமைப்பு இணைப்பே கிடையாது. அப்போது டீசல் இயந்திரம்தான் மின்சாரம் தந்தது. அங்கிருந்து படித்துத் தேறிய பிள்ளை இவர்.

2021 டிசம்பரில் ஆண்டிறுதிப் பொருட் கணக்கெடுப்பு வந்தது. இரவல் பெற்றவர்கள் அனைவரும் குறித்த நாளுக்குள் நேரில் வந்து ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் போனது. கடல் எப்படி இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு லோஞ்சில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வழியில் ஏழாற்றுப் பிரிவு. வாடைக்காற்றுக் காலத்தில் அந்த இடத்தைக் கடப்பவர்கள் நனையாமல் கரையேறுவது அபூர்வம்.

"ரெண்டு பொலித்தீன் சுத்தி, புத்தகப் பைக்குள்ள வைச்சு, மடியிலதான் வைச்சிருந்தனான் சேர். அலை அடிச்சு எல்லாரும் நனைஞ்சிட்டம். குடுக்கேக்க சொன்னனான், தண்ணி பட்டது, ஒருக்காப் போட்டுப் பாருங்கோ எண்டு. வரிசை நிக்குது, வைச்சிட்டுப் போங்கோ எண்டிட்டினம்."

உப்புத் தண்ணீர் பட்ட கணினியை அன்றே திறந்து, உப்புப் போகச் சுத்தம் செய்து, உலர்த்தினால் தப்ப வாய்ப்பு உண்டு. அலுமாரியில் கிடந்தால் உள்ளே படிந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தாய்ப்பலகையை அரிக்கும். இங்கே மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. அதற்குள் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டிவிட்டது. பழைய கணினிக்குப் புது டொலர் விலை கேட்டார்கள். நெடுந்தீவில் வலை இழுத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தால் கட்டக்கூடிய தொகை அல்ல அது.

இலவச இரவலை நம் நாட்டில் உரோமன் டச்சுச் சட்டம்தான் ஆளுகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையிலும் படை வைத்திருந்த ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டம். 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயரும் அதைத் தொடர விட்டார்கள். இரவல் வாங்கியவரிடம் அது கடுமையாகவே நடந்துகொள்கிறது. மிகக் கவனமான குடும்பத் தலைவன் காட்டும் அக்கறையைக் காட்ட வேண்டும். தவறு தன்னுடையதல்ல என்பதையும் வாங்கியவரே நிரூபிக்க வேண்டும். தீ, கொள்ளை, கப்பற்சேதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி திறமைசாலி. ஒப்பந்தத்தில் இருந்த 'வதிவிடத்துக்கு வெளியே கொண்டு செல்லலாகாது' என்ற வாசகத்தைப் பிடித்துக்கொண்டார். உரோமச் சட்ட நூல்களில் இதற்கு ஓர் உதாரணமே உண்டு. நண்பர்களுக்கு விருந்து வைக்க வெள்ளிப் பாத்திரம் இரவல் வாங்கிய ஒருவன் அதைப் பயணத்துக்குக் கொண்டுபோகிறான். கப்பல் உடைந்து அது போய்விட்டால் விலக்கு இல்லை, அவனே பொறுப்பு. இந்தப் பிள்ளையும் கடலில் கொண்டுபோனாள்தானே என்பது அவருடைய வாதம்.

எனக்கு அந்த உதாரணத்தை மிகவும் பிடிக்கும். அதில் பாத்திரத்தைப் பயணம் கொண்டு போனது இரவல் வாங்கியவனின் சொந்த விருப்பம். இங்கே வீட்டில் பத்திரமாக இருந்த பொருளைக் கடல் தாண்டிக் கொண்டுவரச் சொல்லிக் கையொப்பமிட்டு எழுதியவர் இரவல் கொடுத்தவர். முகவரி நெடுந்தீவு என்பதும் அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது.

இரவல் பதிவேட்டின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டேன். அந்தச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். வந்த பக்கத்தில் பெயர், பதிவிலக்கம், கருவியின் தொடரிலக்கம், திகதிகள், கையொப்பம். பொருள் எந்த நிலையில் போனது, எந்த நிலையில் வந்தது என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. மாணவியின் பெயருக்கு நேரே நீல மையில் 'பெற்றுக்கொள்ளப்பட்டது'. அதன் ஓரத்தில் பென்சிலால், திகதியோ கையெழுத்தோ இல்லாமல், 'நீர் புகுந்துள்ளது'. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்டபோது பதில் வரவில்லை. அரச சொத்துக்கு இழப்பு நேர்ந்தால் உடனே விசாரித்துப் பொறுப்பாளியைத் தீர்மானிக்கச் சொல்கிறது நிதிப் பிரமாணம் 104. அப்படியொரு விசாரணையும் நடக்கவில்லை.

வழக்கு வைப்பதென்றால் கொழும்புக்குத்தான் போக வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு எழுத்தாணை அதிகாரம் தந்தது உண்மைதான். ஆனால் மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கு மட்டுமே. பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இல்லை. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தையே நாட வேண்டும். நெடுந்தீவிலிருந்து கொழும்புக்குப் போய்த் தவணைக்குத் தவணை நிற்பது யாரால் முடியும்? பொருளின் விலை வேண்டுமென்றால் அதற்கு உரிய நீதிமன்றம் இருக்கிறது. படித்துப் பெற்ற பட்டத்தை அதற்கு ஈடாகப் பிடித்து வைக்க எந்த விதி இடம் தருகிறது என்று கேட்டு, மனுவின் வரைவையும் பதிவேட்டுப் பக்கத்தையும் இணைத்துப் பதிவாளருக்கு அனுப்பினேன்.

வழக்கு நீதிமன்றம் போகவில்லை. கோரிக்கையைக் கைவிட்டு, சான்றிதழைத் தந்தார்கள். அதற்குள் அவர் காத்திருந்த அரச வேலைக்கான விண்ணப்பத் திகதி கடந்துவிட்டது. அந்த இழப்பை யாரும் ஈடுசெய்யவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

இணக்கக் கடிதத்தில் இரண்டு கோரிக்கைகள் வைத்திருந்தேன். இரவல் படிவத்தில் பொருளின் நிலையைக் குறிக்க ஒரு கட்டமும், திருப்பித் தரும்போது இருவர் முன்னிலையில் இயக்கிப் பார்க்கும் முறையும் வேண்டும் என்பது ஒன்று. அதை ஏற்றுக்கொண்டார்கள், புதிய படிவத்தை நானே பார்த்தேன். தீவக மாணவர்கள் தம் ஊர்ப் பிரதேச செயலகத்திலேயே பொருளை ஒப்படைக்க வழி செய்ய வேண்டும், வாடைக்காலத்தில் திகதி குறிக்கக் கூடாது என்பது மற்றது. நெடுந்தீவிலும் பிரதேச செயலகம் இருக்கிறது. அங்கே அலுவலர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. இந்த வருடமும் எழுதியிருக்கிறேன்.