போக்கியம்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா வையம்பட்டி. திருச்சியிலிருந்து திண்டுக்கல் போற வழியில மணப்பாறையைத் தாண்டி வரும். மணப்பாறை முறுக்கை வாங்கிக் கொறிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்க ஊர் போயிடும், அவ்வளவுதான். பதிவு கொஞ்சம் நீளம், ஒரே ஒரு குடும்ப விஷயமும் ஒரு சரித்திர விஷயமும் பின்னிப் பிணைஞ்சு கிடக்கு. பொறுத்துக்கோங்க.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில மாமா ஆரம்பிச்சார். "வெள்ளக்காரன் மட்டும் வரலைன்னா நீ இன்னிக்கும் மாட்டு வண்டியிலதான் திருச்சிக்குப் போயிட்டிருப்ப மாப்ள. இந்த ரயிலு யாரு போட்டது?"

"ஜப்பான்ல 1872லயே ரயில் ஓட ஆரம்பிச்சிருச்சு மாமா. அவங்களை எந்த வெள்ளைக்காரன் ஆண்டான்?"

"அது வேற" அப்படின்னுட்டார். இந்த "அது வேற"வுக்கு எந்தப் பொறியியல் கல்லூரியிலயும் பதில் சொல்லித் தர்றதில்லை :)

விஷயம் அதோட முடிஞ்சிருந்தா பதிவு வந்திருக்காது. அன்னிக்கு சாயங்காலம் எங்க காட்டைப் பத்திப் பேச்சு வந்தது.

எங்க தாத்தா 1996ல அத்தை கல்யாணத்துக்காக 40,000 ரூபாய்க்கு ரெண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குப் போக்கியத்துக்கு விட்டார். சிட்டியிலயே வளர்ந்தவங்களுக்குப் போக்கியம்னா என்னன்னு சொல்லிடறேன். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலா கடன் கொடுத்தவர் நிலத்தை உழுது வெளைச்சலை எடுத்துக்கலாம். நாம அசலைக் கொடுத்தா நிலம் திரும்ப வரும். கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா நிலமும் போய், வெளைச்சலும் போன ஆளுக்கு அசலுக்கு எங்கேயிருந்து காசு வரும்? எத்தனை வருஷம் அவர் கடலை போட்டு எடுத்தாலும் அந்த 40,000 மட்டும் குறையவே குறையாது. தாத்தா போயிட்டார், அப்பாயியும் போயாச்சு, 40,000 அப்படியே இருக்கு.

இப்ப நான் சம்பாதிக்கிறேன், மீட்டுடலாம்னு அப்பா போய்க் கேட்டார். அவர் சொன்னது: "தாராளமா எடுத்துக்கங்க. நடுவுல 2005ல கிணறு வெட்டினேன், மோட்டார் போட்டேன். அதுக்கு 3 லட்சம் சேத்துக் கொடுத்துடுங்க."

மாமாதான் நடுவர். தீர்ப்பு என்ன தெரியுமா? "நியாயம்தானே மாப்ள? இந்தக் கிணறு யாரு போட்டது?"

காலையில ரயிலுக்குச் சொன்ன அதே வரி. எனக்குச் சுருக்குன்னுச்சு.

மறுநாள் அம்மாவோட ஸ்ரீரங்கம் போனேன். அம்மா தாயார் சன்னதி வரிசையில நிக்க, நான் வெளி மதிலைப் பார்த்துட்டு நின்னேன். 1801 ஜூன் 16ஆம் தேதி சின்ன மருதுவோட அறிக்கை இந்தக் கோயில் மதில்லயும் திருச்சிக் கோட்டையிலயும் ஒட்டப்பட்டது. ஒட்டின காகிதம் இருநூறு வருஷம் இருக்குமா என்ன, சும்மா பார்த்தேன்.

அந்த அறிக்கையை வெறும் வீர வசனம்னு நெனச்சிட்டிருந்தேன். முழுசாப் படிச்சா அது ஒரு காரண காரிய ஆராய்ச்சி. ஆற்காட்டு நவாப் புத்தியில்லாம ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தார், நமக்குள்ள ஒத்துமை இல்லை, ஊர் ஏழையாயிடுச்சு, சோறு தண்ணியாப் போச்சு, இவ்வளவு கஷ்டப்பட்டும் எதனால கஷ்டப்படறோம்னு மக்களுக்குப் புரியலைன்னு சொல்றார். அந்தக் கடைசி விஷயம்தான் என்னை உலுக்கிடுச்சு.

நவாப் எப்படி இடம் கொடுத்தார்? சண்டையில தோத்து இல்லைங்க. ஜெயிச்சு! 1749ல ஆம்பூர்ல அப்பா அன்வருதீன் செத்ததும் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள்ள வந்து ஒளிஞ்சார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரங்களும் வந்து முற்றுகை போட்டாங்க. கம்பெனி இவர் பக்கம் சண்டை போட்டது. 1752ல ஸ்ரீரங்கத்துல இருந்த பிரெஞ்சுப் படை சரணடைஞ்சது, சந்தா சாகிபையும் கொன்னாங்க. முகமது அலி நவாப். அதுக்கப்புறம் கம்பெனி பில்லை நீட்டினது. பட்டாளச் செலவு முழுக்க உங்க கணக்குல.

பில்லைக் கட்டக் காசு இல்லை. கடன் வாங்கினார். யார்கிட்ட? மெட்ராஸ்ல இருந்த அதே கம்பெனியோட உத்தியோகஸ்தர்கள்கிட்டயே, அவங்க சொந்த முறையில கொடுத்த கடன். வட்டி வருஷத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல போனதும் உண்டு. ஈடா என்ன கொடுத்தார்னா, சீமைகளோட வரி வசூல். இந்த ஜில்லா வசூல் உனக்கு, அந்த ஜில்லா வசூல் அவனுக்குன்னு எழுதிக் கொடுத்தார். அதாவது போக்கியம்! கடன்காரனோட ஆள் களத்து மேட்டுல நின்னா குடியானவனுக்கு எதை விட்டு வைப்பான்? அவனுக்கு அடுத்த வருஷத்தைப் பத்தி என்ன கவலை?

இதுல பால் பென்ஃபீல்டுன்னு ஒருத்தர் கதை தனி சினிமா. கம்பெனியில சாதாரண உத்தியோகம். 1776ல தஞ்சாவூரை ராஜாகிட்ட திருப்பிக் கொடுக்க கவர்னர் பிகட் வந்தப்ப, "நவாப் எனக்கு லட்சக்கணக்குல பாக்கி, அதுக்கு ஈடா தஞ்சாவூர் வயல்ல நிக்கிற பயிரே என்னோடது"ன்னு வந்து நின்னார். பிகட் ஒத்துக்கலை. என்ன ஆச்சு? கவர்னரையே அவரோட கவுன்சில்காரங்க கைது பண்ணிட்டாங்க. காவல்லயே 1777ல செத்தார். பென்ஃபீல்டு பின்னாடி லண்டன் பார்லிமெண்ட் மெம்பர். 1785ல எட்மண்ட் பர்க் அதே பார்லிமெண்ட்ல இந்த நவாப் கடனைக் கிழிகிழின்னு கிழிச்சுப் பேசினார். பேசி என்ன, கடனை அடைக்க உத்தரவாச்சு. நம்ம ஊர் வரிப்பணத்துலதான்.

1801 ஜூலை 31ல கணக்கு முடிஞ்சது. அறிக்கை ஒட்டி ஒன்றரை மாசம்கூட ஆகலை. கர்நாடகம் முழுக்க கம்பெனிக்கு, திருச்சியும் சேர்த்து. நவாப் குடும்பத்துக்கு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு. அக்டோபர் 24ல மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்குல போட்டாங்க.

இப்ப ரயிலுக்கு வருவோம், மாமா காத்திட்டிருக்கார். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள்ல லண்டன்ல முதல் போட்டவங்களுக்கு வருஷம் 5 சதவீதம் உத்தரவாதம். லாபம் வரலைன்னா அந்தப் பணத்தை இந்தியாவோட வரியிலிருந்து கட்டணும். கிணறு வெட்டின செலவும் நம்ம தலையில, வட்டியும் நம்ம தலையில. எங்க பக்கத்துல ரயில் வந்து ஒன்றிரண்டு வருஷத்துல, 1876ல பஞ்சம் ஆரம்பிச்சது. ரயில் இருந்தது, பஞ்சத்துலயும் தானியம் கப்பலேறிட்டுத்தான் இருந்தது. 1877ல நிவாரண வேலை செஞ்ச ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கொஞ்சம் காசுன்னு ரிச்சர்டு டெம்பிள் வெட்டினார். ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம், மண்ணு சுமக்கிறவனுக்கு. மெட்ராஸ் சுகாதார அதிகாரி கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது பட்டினின்னு எழுதிச் சண்டை போட்டார். அவரையும் சொல்லணும்ல.

ராத்திரி லேப்டாப்பை எடுத்து ஒரு எக்செல் போட்டேன் (தொழில் புத்தி). 40,000 கடன், கந்துவட்டி அளவுக்கு இல்லாம 24 சதவீதம்னு வெச்சுக்கிட்டேன். செலவு போக வருஷத்துக்கு 12,000 ரூபாய் கடலையில நின்னிருக்கும்னு அப்பா சொன்னார். ஓட்டிப் பார்த்தா 2004லயே கடன் தீர்ந்து கையில மிச்சம் வருது. அவர் கிணறு வெட்டினது 2005. அப்ப கிணத்துக்குப் போட்ட காசு எங்க காட்டுக் கடலைதானே?

அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு, "போக்கியத்துல இந்தக் கணக்கு செல்லாது தம்பி. தாத்தா தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டார்" அப்படின்னார். நவாபும் தெரிஞ்சுதானேப்பா கையெழுத்துப் போட்டார்னு வாய் வரைக்கும் வந்தது. கையெழுத்துப் போடாத குடியானவன் பாடுதான் வேற.

சட்டத்தைத் தேடினேன். ஈடு வாங்கினவர் தானா செஞ்ச மேம்பாட்டுக்கு, சில விலக்கு தவிர, பொதுவா நாம பணம் கட்ட வேண்டியதில்லையாம். அது சொத்து மாற்றுச் சட்டம், 1882. அதுவும் வெள்ளைக்காரன் எழுதினதுதான். மாமாகிட்ட இதை மட்டும் சொல்லலை.

கிளம்பற அன்னிக்கு அப்பா காட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். அவர் மோட்டாரைப் போட்டார். தண்ணி நல்லாத்தான் வந்தது, இனிப்புத் தண்ணி. அப்பா கைநிறைய ஏந்திக் குடிச்சுட்டு எதுவும் பேசலை. வரப்புல திரும்பி வரும்போது, "ஒண்ணரை கொடுத்துடலாமா தம்பி? காலம் பூரா அவர் மூஞ்சியில முழிக்கணும்" அப்படின்னார். எனக்கு இஷ்டமே இல்லை. சரின்னேன்.

மாசியில பத்திரத்தை மீட்கிறதாப் பேச்சு. மோட்டார் கனெக்ஷன் அவர் பேர்ல இருக்கு, அதை அப்பா பேருக்கு மாத்தணும். அதுக்கு என்னென்ன காகிதம் வேணும்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.