பெயர் அட்டையில் வந்த 'நன்'



ஓய்வு பெற்ற பிறகு நான் பைதான் கற்று வருவது உங்களில் பலருக்குத் தெரியும். போன மாதம் நடந்த பழைய மாணவர் சந்திப்புக்கு 64 பெயர் அட்டைகள் தேவைப்பட்டன. "நானே புரோகிராம் எழுதி அச்சடித்துத் தருகிறேன்" என்று பெருமையாக ஏற்றுக்கொண்டேன். அதில் நான் செய்த தவறைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எக்செல் தாளில் வரிசை எண், இனிஷியல், பெயர் என்று மூன்று கட்டங்கள். எண்ணையும் எழுத்தையும் கூட்டல் குறி போட்டுச் சேர்த்தால் பைதான் ஒத்துக்கொள்ளாது. பிழை காட்டி நின்றுவிடும். அதனால் தாளிலிருந்து வந்த எல்லா மதிப்புகளையும் முதல் வேலையாக 'எஸ்.டி.ஆர்.' என்ற கட்டளையால் எழுத்தாக மாற்றிவிட்டேன். பிழை போய்விட்டது. இனிஷியல் காலியாக இருந்தால் பெயரை மட்டும் போடு என்று ஒரு நிபந்தனையும் எழுதியிருந்தேன். ஆகவே கவலையில்லை என்று நினைத்தேன்.

சந்திப்பன்று ஒரு மாணவி தன் அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'நன்' என்று இருந்தது.

"யாரு சார் இந்த நன்? எங்க அப்பாவா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா விட்டுப் போன வீடு அவளுடையது. எட்டாம் வகுப்பில் வருகைப் பதிவேடு எழுதும்போது, "இனிஷியல் என்னம்மா?" என்று எல்லார் முன்னாலும் இரண்டு தடவை கேட்டவன் நான். அன்று அவள் தலைகுனிந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

அன்றிரவே உட்கார்ந்து பார்த்தேன். தாளில் காலியாக விட்ட கட்டம் பைதானுக்குள் 'நன்' என்ற தனி மதிப்பாக வருகிறது. 'ஒன்றுமில்லை' என்று பொருள். அதை எழுத்தாக மாற்றியதும் என், ஓ, என், ஈ என்று நான்கு எழுத்துள்ள சொல்லாகிவிடுகிறது. நான்கு எழுத்து இருக்கும்போது அது காலி ஆகுமா? என் நிபந்தனை ஏமாந்துபோனது. ஜாவாவிலும் இதே கதைதான். அங்கே 'நல்' என்று வரும்.

திரையில் அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் 'ரெப்ர்' என்ற இன்னொரு கட்டளை இருக்கிறது. எழுத்தாக இருந்தால் அது மேற்கோள் குறிக்குள் காட்டும். உண்மையான வெறுமையாக இருந்தால் குறியில்லாமல் காட்டும். எஸ்.டி.ஆர். படிப்பவருக்கு, ரெப்ர் புரோகிராம் எழுதுபவருக்கு. நான் இரண்டாவதைப் பார்க்காமலே முதலாவதை அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

திருத்தம் ஒரே வரிதான். முதலில் காலியா என்று பார், பிறகு எழுத்தாக மாற்று. வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

மறுநாள் அவளுக்குப் போன் செய்தேன். "புது அட்டை தர்றேம்மா. அம்மா பேரோட முதல் எழுத்தைப் போடட்டுமா?" என்று இந்த முறை தனியாகக் கேட்டேன்.

"வேணாம் சார், என் பேரு மட்டும் போதும்" என்றாள்.

மென்பொருள் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் எழுதியதில் காலிக் கட்டம் வந்தால் திரையில் என்ன தெரியும் என்று இன்றைக்கே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதைப் படிக்கப்போவது ஒரு மனுஷர்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்