சனிக்கிழமைப் பரிசோதனை

கோவை வட்டாரப் பஞ்சாலைகளில் ‘பன்னிரண்டு மூணு’ என்றால் கேண்டீனில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடப் புரியும். 2025 வரை நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின்படி, அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் தொழிற்சங்கமும் கையெழுத்திடும் ஒப்பந்தம் அது. இரு தரப்பும் தனியாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். சமரச அதிகாரி முன் போட்டதோ, 18(3) பிரிவின் பலத்தால், ஆலையில் வேலை செய்யும் ஒவ்வொருவரையும், எதிர்ச் சங்கத்துக்காரரையும், நாளைக்குச் சேரப்போகிறவரையும்கூடக் கட்டும். ஒரே மில்லில் நாலைந்து கொடிக்கம்பங்கள் நிற்கும் ஊரில் இப்படி ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் எந்தப் பேச்சும் முடிவுக்கு வராது. ஆனால், பேசும் இடத்தில் உட்காராத ஒருவரை அந்தக் காகிதம் எப்படிப் பிடிக்கும் என்பதை ஒரு வழக்கில் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான் நிர்வாகத்துக்காக ஆஜரானவன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. அந்த மில்லில் ஆட்டோ கோனர் இயந்திரங்கள் இறங்கவிருந்தன. கோன் வைண்டிங்கில் இருந்த பெண்களுக்கு வேலை போய்விடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அப்போது போட்ட ஒப்பந்தத்தை நல்ல ஒப்பந்தம் என்றே இன்றைக்கும் சொல்வேன். யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. முழுச் சம்பளத்தோடு பயிற்சி. என்ன கற்றுத்தருவது, எப்போது கற்றுத்தருவது என்பதை முடிவு செய்ய இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் கொண்ட ஒரு குழு. அறுந்த நூலைக் கையால் முடிச்சுப் போட்டே காலத்தை ஓட்டிய பெண்கள், நூலைத் தானே ஒட்டிக்கொள்ளும் இயந்திரத்தில் விளக்கு எரியும் இடத்துக்குப் போய்ச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார்கள். அதே ஒப்பந்தத்தில் உடல்நலத்துக்கும் ஒரு ஷரத்து இருந்தது. புளோ ரூம், கார்டிங் பிரிவுகளில் பஞ்சுத் தூசியில் நிற்பவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை நுரையீரல் பரிசோதனை. பாதிப்பு தெரிந்தால் தூசியில்லாத வேலைக்கு மாற்றிப் பயிற்சி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் குறையாது. பரிசோதனையை என்றைக்கு வைப்பது என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. குழு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது. பாதுகாப்பு வகுப்பும் அன்றைக்குத்தான். உற்பத்தி கெடாது, ஆட்களை ஒருமுறை கூட்டினால் போதும் என்று இரு தரப்பும் மனமொப்பிச் செய்த முடிவு அது.

வழக்குப் போட்டவர் கார்டிங் தொழிலாளி. கையெழுத்திட்ட பெரிய சங்கத்தில் அவர் இல்லை. வார விடுமுறைக்கு மறுநாள் வேலைக்கு வருவார்; இரண்டு மூன்று மணி நேரத்தில் கேட் பாஸ் கேட்பார்; மேஸ்திரி தராவிட்டால் சொல்லாமலே போய்விடுவார். பின்னாளில் அந்த நாட்களில் வருவதையே நிறுத்திவிட்டார். ‘ஞாயிற்றுக்கிழமை ஊத்தினது திங்கக்கிழமை எறங்கலை’ என்பது டிபார்ட்மெண்டில் நிலவிய விளக்கம். சார்ஜ் மெமோ, உள்விசாரணை, வேலைநீக்கம் என்று வரிசையாக வந்தன. பெரிய சங்கம் அவருக்காகப் பேசவில்லை; அதன் பிரதிநிதிகளும் உட்கார்ந்த குழு வைத்த பரிசோதனையில்தானே அவர் ஒவ்வோர் ஆண்டும் ‘இயல்பு’ என்று தேறியிருந்தார். சங்கம் கைவிட்ட தனியாளும் வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்காடலாம் என்று 1965-இல் சட்டத்தில் சேர்த்த 2-ஏ பிரிவுதான் அவருக்கு வாசலைத் திறந்தது.

அன்றைய தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. எதிர்த்தரப்பு சம்மதிக்க வேண்டும், நீதிமன்றமும் அனுமதிக்க வேண்டும். அவருக்காக வந்தவர் ஒரு சின்னச் சங்கத்தின் செயலாளர், பழைய மில் தொழிலாளி. என்னை மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். “வரட்டுமுங்க, வக்கீல் இருந்தா பேப்பரெல்லாம் ஒழுங்கா வரும்” என்று சம்மதித்துவிட்டார். ஒழுங்காகத்தான் வந்தது. வருகைப் பதிவேட்டையும் கேட் பாஸ் புத்தகத்தையும் நிர்வாகத் தரப்புச் சான்றாவணங்களாக நானே குறியீடு செய்தேன்.

மில் டாக்டரைச் செயலாளர் குறுக்கு விசாரணை செய்தது ஐந்து நிமிடம் இருக்கும். “டாக்டருங்க, டெஸ்ட் எடுத்தது என்ன கிழமைங்க?” என்று ஆரம்பித்தார். பஞ்சுத் தூசியால் வரும் பைசினோசிஸ் என்ற நோய், அன்றைய தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அறிவித்தே ஆகவேண்டிய நோய்களில் ஒன்று. அதன் குணம் விசித்திரமானது. தொடக்க நிலையில், விடுமுறை கழித்துத் தூசிக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சை இறுக்கும், மூச்சு வாங்கும். வாரம் போகப் போகத் தணிந்துவிடும். சனிக்கிழமை ஊதச் சொன்னால் அப்படிப்பட்ட ஆள் நன்றாகவே ஊதிவிடுவார். டாக்டர் நேர்மையானவர், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். மின்வெட்டுக்காக மில்லின் வார விடுமுறையைச் சில மாதங்கள் புதன்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். அப்போது இவருடைய கேட் பாஸ்களும் வியாழனுக்கு மாறியிருந்ததைச் செயலாளர் என் ஆவணத்திலிருந்தே படித்துக் காட்டினார். லீவு மாறினால் குடிக்கிற நாளும் மாறும் என்று நான் வாதிட்டேன். குடித்தவர் காலையில் வரமாட்டார், இவர் வந்து தூசியில் நின்ற பிறகல்லவா வெளியே போயிருக்கிறார் என்றார் நீதிபதி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்கு மிஞ்சியது சட்ட வாதம். பரிசோதனை ஒப்பந்தப்படி நடந்தது. நாளைக் குறித்தது கூட்டுக் குழு. 18(3) இவரையும் கட்டும். நீதிபதி 1960-இல் நார்த் புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டினார். ஆலைகளில் இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் ஒர்க்ஸ் கமிட்டி அன்றாட உரசல்களைத் தீர்க்கலாம். வேலை நிபந்தனைகளின் சாரத்தை மாற்ற அதற்கு அதிகாரமில்லை. நம் குழு அந்தக் கமிட்டி அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். பெயர் எதுவானாலும், ஒப்பந்தம் கொடுத்த பாதுகாப்பை வசதிக்காகக் குறித்த ஒரு கிழமை பறித்துவிடக் கூடாது என்பது அவர் முடிவு. தர்க்கம் கொஞ்சம் நீண்டதுதான். உயர் நீதிமன்றத்தில் அசைத்துப் பார்த்திருக்கலாம்.

வேலைநீக்கம் ரத்து, பணித்தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, பாதிப் பின்சம்பளம், தூசியில்லாத பிரிவில் பயிற்சி. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போக நினைத்தது. போனால் வழக்கு முடியும்வரை, அவர் வேறெங்கும் வேலையில் இல்லாத பட்சத்தில், 17-பி பிரிவின்படி கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

கோன் பேக்கிங்கில் சேர்ந்தவருக்கு முதல் மாதச் சம்பளக் கவரில் பணம் குறைந்திருந்தது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் ஒப்பந்தம் சொன்னபடியே இருந்தன. கார்டிங்கில் அவர் வாங்கிய உற்பத்திப் படி அந்த ஷரத்தில் இல்லை. அதற்கு வழக்குப் போடலாமா என்று செயலாளர் யோசித்ததாகக் கேள்விப்பட்டேன். ஒப்பந்தத்தை முழுதாகப் பார்த்து நியாயமா என்று எடைபோட வேண்டும், ஒரு ஷரத்தை மட்டும் பிய்த்தெடுத்துக் குறை சொல்லக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் எழுபதுகளிலேயே நிலைநிறுத்திய விதி. அவர் போடவில்லை.

அடுத்த ஒப்பந்தப் பேச்சு வந்தது. சமரசப் பேச்சில் வக்கீல்களுக்கு இடமில்லை. கையெழுத்தான பிறகு நகல்தான் என்னிடம் வந்தது. பரிசோதனை ‘வார விடுமுறைக்கு அடுத்த வேலை நாளில், ஷிப்டின் தொடக்கத்திலும் முடிவிலும்’ என்று மாறியிருந்தது. சம்பளப் பாதுகாப்பு வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பின்னொரு நாள் பெரிய சங்கத்தின் தலைவரை லேபர் ஆபீஸ் வராந்தாவில் பார்த்தபோது, உற்பத்திப் படியையும் கேட்டிருக்கலாமே என்றேன். “கார்டிங்ல மொத்தம் எத்தனை பேருங்க இருக்காங்க?” என்று திருப்பிக் கேட்டார்.