ஐந்தாம் பீரியட் மனோன்மணீயம்

மதியச் சாப்பாடு முடிந்து ஐந்தாம் பீரியட். பதினொன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளைத் தமிழுக்கு மட்டும் ஒரே அறையில் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். உயிரியல் பிரிவு ஜன்னலோரம். தொழிற்கல்வியில் வேளாண்மை எடுத்தவர்கள் சுவரோரம். ஜன்னலுக்கு வெளியே மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பாளையங்கால்வாய்த் தண்ணீர் பாயும் வயல். பிசானப் பருவ நெல் நடவு முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். நாற்று இன்னும் பச்சை பிடிக்கவில்லை. கடைசி பெஞ்சின் ஓரம் என்னைப் போன்ற பயிற்சி ஆசிரியர்களுக்கு. பாடம் நடக்கையில் வாய் திறக்கக் கூடாது. கவனித்து எழுத வேண்டும்.

தமிழய்யா வருகிறார். கையில் பாடநூல், அதன் மேல் அட்டை மங்கிய இன்னொரு தடித்த புத்தகம், நூலகத்தில் எடுத்தது. கரும்பலகையில் ‘மனோன்மணீயம்’ என்று எழுதிவிட்டுத் திரும்புகிறார்.

“இந்தப் பேர எங்க பாத்திருக்கிய?”

“யூனிவர்சிட்டி, ஐயா!” என்று பல குரல்கள். “எங்க அக்கா அங்கதான் ஐயா படிக்கா” என்கிறாள் ஒருத்தி. அபிஷேகப்பட்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பல்கலைக்கழகம் 1990-இல் வந்தது. அதற்கு வைத்த பெயரில் ஒரு நாடகமும் அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளையும் சேர்ந்திருக்கிறார்கள் என்பது பாதிப் பேருக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

“சரி. காலையில பிரேயர்ல பாடுனியளே, அது எந்தப் புஸ்தகத்துல உள்ளது?”

பதில் இல்லை. ஐயா தடித்த புத்தகத்தைத் திறந்து, தொடக்கப் பக்கத்தைக் காட்டிக்கொண்டே பெஞ்சு பெஞ்சாக நடக்கிறார். தமிழ்த்தாய் வாழ்த்து அங்கே இருக்கிறது, நாடகத்தின் முகப்பில். 1891-இல் வெளிவந்த நூல். 1970-இல் சில அடிகளை விட்டுவிட்டு மற்றவற்றை அரசு எடுத்துக்கொண்டது, எம்.எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில் இசையமைத்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து பாடி வந்த பாட்டில் தாங்கள் பாடாத அடிகளும் உண்டென்று அறிந்த ஒரு பையன், புத்தகத்தை வாங்கி அவற்றை உதடசைத்துப் படிக்கிறான். பக்கத்திலிருப்பவன் இழுக்கிறான், இவன் விடுவதாயில்லை.

ஆசிரியர் குறிப்பைச் சுருக்கமாகவே முடிக்கிறார் ஐயா. 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர், திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர், 1897-இல் மறைந்தவர். “நாப்பத்திரெண்டு வயசுதானா!” என்று யாரோ கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அதைச் சொன்ன குரலில் வருத்தம் இருந்தது.

பாடமாக வைத்திருப்பது, நாடகத்தில் வரும் நடராசன் என்பவன் வயல்வெளியில் நின்று தனக்குத்தானே பேசும் பகுதி. ஜன்னலோரம் முதல் பெஞ்சு மாணவி வாசிக்க எழுகிறாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பது எழுந்த வேகத்திலேயே தெரிகிறது. ஆனால் வாசிக்கத் தொடங்கியதும் தட்டுகிறது. குற்றம் அவளுடையது அல்ல. ஆசிரியப்பாவை அச்சில் சீர் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அடிக்கு நான்கு சீராக. சீர் முடிகிற இடத்தில் பல சமயம் சொல் முடிவதில்லை. முதல் பாதி இங்கே, மிச்சம் அடுத்த சீரில். அடி முடிகிற இடத்தில் வாக்கியமும் முடிவதில்லை. கண்ணுக்கு இடைவெளி தெரிகிற இடமெல்லாம் அவள் நிற்கிறாள். நாலைந்து அடி கடந்தும் யார் என்ன செய்தார் என்பது அவளுக்கும் பிடிபடவில்லை, கேட்கிறவர்களுக்கும் பிடிபடவில்லை. சுவரோரம் இரண்டு பேர் அதைக் காலைப் பாட்டின் மெட்டில் மெல்லப் பாடிப் பார்க்கிறார்கள். ஒட்டவில்லை. வாழ்த்து கலிப்பா வகை. இது அகவல், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கிற பா.

“நிறுத்தும்மா. எல்லாரும் பென்சில எடுங்க. வினைமுற்று எங்க வருதுன்னு பாத்து அங்க ஒரு கோடு போடுங்க. அது வர்ற வரைக்கும் நிக்கக் கூடாது.”

பொருள் இன்னும் ஒரு சொல்லுக்கும் சொல்லவில்லை அவர். குனிந்த தலைகள். சிலருக்குக் கோடு சீக்கிரம் விழுந்துவிடுகிறது. ஐயா எட்டிப் பார்த்து, “அது எச்சம்ல, இன்னும் போ” என்கிறார். ஒரு வாக்கியத்துக்குப் பல அடி தாண்டித்தான் முற்று கிடைக்கிறது. எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் எல்லாவற்றையும் ஒரு வினையில் கொண்டு சேர்க்கிற நடை அது. கோடு போட்டபின் அதே மாணவி மறுபடி வாசிக்கிறாள். இப்போது குரல் ஓடுகிறது. கோடு வருகிற இடத்தில் இறங்குகிறது. ஒரு சிறு புல் தெரிகிறது. பூக்குலையை உயர்த்திப் பிடித்துத் தேன்துளி காட்டி ஈக்களை அழைக்கிறது; காய்க்கிறது; காய்களுக்குக் கொக்கி வைத்து, நடந்து போகிறவன் துணியில் ஒட்டவைத்து, இங்கே இடம் போதாது, வேறெங்காவது போய்த் தழையுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பி வைக்கிறது. “நம்ம பாவாடைல ஒட்டுமே, அதுதானா!” என்கிறாள் இரண்டாம் பெஞ்சில் ஒருத்தி. ஐயாவுக்கு அதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை.

பொருள் சொல்லிவிட்டு வாசிக்க வைப்பதுதான் வழக்கம். வாசித்துவிட்டுப் பொருளுக்கு வருவதே செய்யுளுக்கு நல்லது, நாடகச் செய்யுளுக்கு அதைத் தவிர வேறு வழியே இல்லை என்று இந்த வகுப்பில் எனக்கு உறுதியாயிற்று. மனோன்மணீயம் நடிப்பதற்கு என்பதைவிடப் படிப்பதற்கு எழுதிய நாடகம் என்பார்கள். அப்படியானால் அதை வாய்விட்டுப் படிக்கிற இடம்தான் அதற்கு மேடை. இன்றைக்கு இந்த அறை.

அடுத்து வாய்க்கால் நீர். அது மண்ணை வாரிக்கொண்டு போகிற பாடு. அதை விரைவாகக் கடந்து, மண்புழுவுக்கு வருகிறார்கள். சுவரோரத்திலிருந்து நெடியவன் ஒருவனை எழுப்புகிறார் ஐயா. வாசிப்பில் ழகரம் வராது அவனுக்கு. ஆனால் கோடு போட்ட இடம் தவிர எங்கும் நிற்கவில்லை. உழைப்பவர்களில் உழவர் பெரியவர், உழவர்க்கெல்லாம் அரசன் நீ என்று நடராசன் புழுவைப் பார்த்துச் சொல்கிறான். மண்ணைத் தின்று பக்குவமாக்கி வெளியே தள்ளிவிட்டு, புகழ் வேண்டாதவரைப் போலத் தன் குழிவாயையும் ஓர் உருண்டையால் மூடிக்கொள்கிறாயே என்று வியக்கிறான். அந்த இடத்தில் நெடியவன் தானாகவே நிறுத்துகிறான்.

“ஐயா, இது நெசந்தான்.”

“என்னல நெசம்?”

“காலையில வரப்புல பாத்தா உருண்ட உருண்டயாக் கெடக்கும். அதத் தள்ளுனா கீழ பொந்து இருக்கும். மருந்து அதிகமா அடிச்ச வயல்ல அது இருக்காது. நாங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தொட்டி போட்டிருக்கோம்லா, அதுல பாக்கலாம்.”

மண்புழு உரத் தொட்டியைப் பற்றி ஜன்னலோரத்தார் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். எத்தனை நாளில் உரமாகும், சாணம் எவ்வளவு, நிழல் வேண்டுமா? உயிரியல் புத்தகத்தில் மண்புழுவின் உடற்கண்டங்களைப் படம் போட்டுப் படித்தவர்கள் அவர்கள். தொட்டியில் கைவிட்டு அதை எடுத்தவர்கள் இவர்கள். வருடம் தொடங்கியதிலிருந்து நடுவழியைத் தாண்டிப் பேசாத இரண்டு வரிசைகள் என்று ஐயா முன்பு வருத்தத்தோடு சொல்லியிருந்தார். இன்று ஒரு செய்யுள் பேச வைத்தது. ஐயா தடுக்கவில்லை, மேசை விளிம்பில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

1881-இல் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். வீட்டில் மண்தொட்டிகளில் புழுக்களை வளர்த்து, அவை மண்ணைப் புரட்டி மேலே கொண்டுவரும் அளவைப் பல ஆண்டு பார்த்து எழுதியது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். அந்த நூல் வந்து பத்தாண்டில் அதே புழு தமிழ் அகவலுக்குள் வந்து, ஒரு நாடகப் பாத்திரத்தின் வணக்கத்தைப் பெற்றது. புல்லும் புழுவும் தமிழ்ச் செய்யுளுக்குப் புதியவை அல்ல. ஆனால் புழு என்ன வேலை செய்கிறது, எந்த வரிசையில் செய்கிறது என்று தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தவனின் பேச்சு இது. அதனால்தான் வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்த ஒருவன் ‘நெசந்தான்’ என்று சாட்சி சொல்ல முடிகிறது.

பாடநூலில் இந்தப் பேச்சு மட்டும்தான் இருக்கிறது, நாடகம் இல்லை. ஐந்து அங்கம், இருபது களத்திலிருந்து ஒரு துண்டு. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஐயா அந்தக் குறையைத் தன் வாயால் நிரப்புகிறார். பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டுகிறான். அமைச்சன் குடிலன் சொல்வதையெல்லாம் நம்புகிறான். ஆபத்து வருமென்று உணர்ந்த சுந்தர முனிவர், யாருக்கும் தெரியாமல் கோட்டையிலிருந்து தம் ஆசிரமத்துக்கு ஒரு சுரங்க வழி அமைக்க ஏற்பாடு செய்கிறார். வேலையை ஒப்படைத்தது நடராசனிடம். பாண்டியனுக்கும் சேரனுக்கும் போர் மூள்கிறது. கடைசியில் எல்லாருடைய விதியையும் அந்தச் சுரங்கமே முடிவு செய்கிறது.

“நம்ம திருநெல்வேலியா ஐயா?” “பெறகு எது?” “இங்கிலீஷ்ல இருந்து எடுத்ததுன்னு உரைநூல்ல போட்டிருக்கே ஐயா?” ஆமாம், லிட்டன் பிரபு எழுதிய ‘இரகசிய வழி’ என்ற கதை. “வழிய அங்க இருந்து எடுத்தாரு. அத நம்ம ஊருக்கு அடியில தோண்டுனது இவரு” என்கிறார் ஐயா.

சுவரோரம் கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு பெண் கையைப் பாதி தூக்குகிறாள். பாடம் தொடங்கியதிலிருந்து அவள் வாய் திறந்து நான் கேட்கவில்லை.

“ஐயா, அந்த நடராசனும் மண்ணத்தான தோண்டுதாரு? வெளிய தெரியாம.”

“ஆமா.”

“அதான் அவரு புழுகிட்டப் பேசுதாரு.”

ஐயா பதில் சொல்ல நேரமாகிறது. பாடநூலைத் திருப்பி, பேச்சின் தொடக்கத்துக்குப் போகிறார். வேலை இன்றிரவே முடிந்தாலும் முடிந்துவிடும் என்று நடராசன் சொல்லிக்கொள்ளும் இடம். எல்லாரும் சற்று முன் வாசித்துத் தாண்டிப் போன இடம். அதை அவளையே வாசிக்கச் சொல்கிறார். பிறகு புழுவின் வரிகளை நெடியவன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கிறோம். இயற்கை வருணனை என்று உரைநூல்கள் தலைப்பிட்டிருக்கும் பகுதி, ரகசியமாக உழைக்கிற ஒருவன் தன் கூட்டாளியைக் கண்டுகொண்ட இடமாகிவிட்டது. “இத்தன வருஷம் நடத்தியிருக்கேன், நான் இத இப்படிச் சொன்னதில்ல” என்கிறார் ஐயா. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். பக்கத்திலிருப்பவள் அவளை முழங்கையால் இடிக்கிறாள்.

மீதி நேரம் இலக்கணக் குறிப்பும் பகுபத உறுப்பிலக்கணமும். தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு, ஐயா அதில் ஒரு வரியைக்கூட விடுவதில்லை. இந்தப் பகுதியைப் பழிக்க எனக்கு மனமில்லை. எச்சம் எது முற்று எது என்று தெரியாமல் இந்த அகவலை மூச்சோடு வாசிக்க முடியாது என்பதை இன்று கண்ணால் கண்டேன். பிரித்துப் பார்த்ததை வாயில் மறுபடி சேர்க்காமல் விட்டுவிடும்போதுதான் கெடுகிறது.

நாளைக்கு நாடகத்திலிருந்து வேறொரு களம், பாடநூலில் இல்லாதது. பாத்திரம் பிரிக்கிறார். குடிலனுக்கு இரண்டு வரிசையிலிருந்தும் கைகள் எழும்புகின்றன. சீவகனுக்கு ஒரு கையும் இல்லை. எல்லாரையும் நம்பிக் கெடுகிற அரசனாக யாருக்கும் ஆசையில்லை. “அவன் நல்லவன்தானல” என்று ஐயா சொல்லிப் பார்க்கிறார். கடைசியில் நெடியவன், “நான் வாசிக்கேன் ஐயா” என்கிறான். குடிலனை முதல் பெஞ்சு மாணவி வாதாடி வாங்கிக்கொள்கிறாள். பிரதி ஒன்றே ஒன்று. பள்ளிக்குள் செல்போன் கிடையாது. அவரவர் பேச்சை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மணி அடித்துக் கணக்கு ஆசிரியர் வாசலுக்கு வந்துவிட்டார். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள். நெடியவன் நடுவழியைத் தாண்டி வந்து மேசையோரம் நின்று, “சீக்கிரம், எனக்கு அடுத்த பக்கம் வேணும்” என்கிறான்.