பொம்மையைத் தொட்ட கை

அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் எப்போதும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். கிழிந்துபோன சட்டைகளிலிருந்து கத்தரித்து எடுத்த பொத்தான்கள் அதில் கிடக்கும். இரண்டு துளை, நான்கு துளை, கோட்டுப் பொத்தான், குழந்தைச் சட்டையின் பூப்பொத்தான். மழை நாட்களில் அதைத் தரையில் கொட்டிப் பரப்பி விளையாடியிருக்கிறோம். என் மகளும் அப்படித்தான் விளையாடிக்கொண்டிருந்தாள், எட்டு வயதில் ‘கோரலைன்’ என்ற பொம்மைப் படம் பார்க்கும்வரை. மறுநாள் டப்பாவை எடுத்து வைத்தேன். மாட்டேன் என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

படம் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். புது வீட்டுக்குக் குடிவந்த சிறுமி ஒரு சின்னக் கதவைத் திறக்கிறாள். அந்தப் பக்கம் அதே வீடு, ஆனால் எல்லாமே நன்றாக இருக்கிறது. சுவையான சாப்பாடு, அவள் முகம்போலவே பூத்த தோட்டம், எந்நேரமும் அவளோடு இருக்கும் இன்னொரு அம்மா. அந்த அம்மாவுக்குக் கண்ணுக்குப் பதில் கறுப்புப் பொத்தான்கள். நீயும் இங்கேயே இருந்துவிடலாம், உன் கண்ணிலும் பொத்தான் தைத்துவிடுகிறேன், அவ்வளவுதான் என்கிறாள். அன்பின் பெயரைச் சொல்லிக் கண்ணைக் கேட்கிறாள். குழந்தை பயப்படாமல் என்ன செய்யும்?

எனக்கு அன்றிரவு தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. கோரலைன் போட்டிருந்த ஸ்வெட்டர். கருநீலத்தில் நட்சத்திரங்கள் மின்னும் அந்த ஸ்வெட்டரில் கம்பளி இழை தனித்தனியாகத் தெரிந்தது. பிறகு தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆல்தியா குரோம் என்ற கலைஞர், மெல்லிய கம்பிகளை ஊசியாக வைத்துக்கொண்டு, ஒரு சாண் உயரத்தைக் கொஞ்சம் தாண்டும் பொம்மைக்காக அதைக் கையால் பின்னியிருக்கிறார். தோட்டத்து மரங்களில் பூத்திருந்த பூக்கள், இளஞ்சிவப்புச் சாயம் பூசிய சோளப்பொரி. கோரலைன் பொம்மை மட்டும் 28 செய்திருக்கிறார்கள்.

2009இல் இந்தப் படத்தைத் தந்தது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகரை ஒட்டிய ஹில்ஸ்பரோவில் இருக்கும் லைக்கா நிறுவனம். லைக்கா என்றதும் நமக்கு ‘கத்தி’யும் ‘பொன்னியின் செல்வ’னும் தயாரித்த நிறுவனம்தான் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. 1957 நவம்பரில் சோவியத் விண்கலத்தில் ஏற்றி அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பாத அந்த நாயின் பெயர் இது.

இந்தப் படத்தை எடுத்த ஸ்டாப் மோஷன் முறை கேட்க எளிய வேலை. பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடு. விரலை மயிரிழை நகர்த்து, இன்னொரு படம் எடு. இப்படி 24 படம் சேர்ந்தால் திரையில் ஒரு வினாடி. ஓர் அனிமேட்டர் வாரம் முழுக்கப் பாடுபட்டால் தேறுவது மூன்று நான்கு வினாடி. 100 நிமிடப் படம் என்றால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் படங்கள். நடுவில் ஒரு பொம்மை சாய்ந்துவிட்டாலோ, விளக்கு கொஞ்சம் மங்கிவிட்டாலோ பழைய இடத்துக்குத் திரும்புவது பெரும்பாடு. கோரலைன் படப்பிடிப்புக்கு மட்டும் ஒன்றரை ஆண்டு பிடித்தது.

லைக்காவைப் பற்றிப் பேசும்போது வில் வின்டனை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. இந்த மண்ணில் முதலில் விதை போட்டவர் அவர்தான். அவரும் பாப் கார்டினரும் களிமண்ணைப் பிசைந்து பிசைந்து எடுத்த ‘குளோஸ்டு மண்டேஸ்’ என்ற எட்டு நிமிடப் படம் 1975இல் ஆஸ்கர் வாங்கியது. மூடிக்கிடக்கும் கலைக்கூடத்துக்குள் ஒரு குடிகாரர் தள்ளாடி நுழைகிறார், ஓவியங்களும் சிலைகளும் உயிர் பெறுகின்றன. அந்த மனிதரின் முகச் சதையில் விரல் அழுத்திய தடம் இப்போது பார்த்தாலும் தெரியும். ‘கிளேமேஷன்’ என்ற சொல்லையே ஊருக்குத் தந்த ஸ்டூடியோ அவருடையது. 1986இல் அவர் ஆடவைத்த கலிஃபோர்னியா உலர்திராட்சைகள் அமெரிக்கா முழுக்கப் பிரபலம்.

பெரிதாக வளர ஆசைப்பட்டு, 90களின் கடைசியில் வெளியிலிருந்து பணம் வாங்கினார். வந்த பணம் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபில் நைட்டினுடையது. சில ஆண்டுகளிலேயே ஸ்டூடியோ வின்டனின் கையை விட்டுப் போனது. 2005இல் அவர் பெயரும் போய், லைக்கா ஆனது. 2018இல் அவர் காலமானார். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல நா எழவில்லை. தன் கைரேகை பதிந்த களிமண்ணால் ஒரு வீட்டைக் கட்டியவர், அந்த வீட்டு வாசலில் தன் பெயர் இல்லாமல் போவதையும் பார்க்க நேர்ந்தது.

அதே வீட்டில், அவர் காலத்திலேயே, ஃபில் நைட்டின் மகன் டிராவிஸ் நைட் பொம்மை நகர்த்தும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்பா வாங்கிக் கொடுத்த ஸ்டூடியோ என்று ஒரே வரியில் அவரைத் தள்ளிவிடலாம். ஆனால் கோரலைனில் அவர் முதன்மை அனிமேட்டர்களில் ஒருவர். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகும் பொம்மையை விடவில்லை. 2016இல் ‘கூபோ அண்ட் தி டூ ஸ்டிரிங்ஸ்’ படத்தை இயக்கியவரும் அவரே.

கூபோவை நான் மூன்று முறை பார்த்தேன். பழைய ஜப்பானில் ஒற்றைக் கண் சிறுவன். மூன்று நரம்பு வாத்தியத்தை மீட்டிக் காகிதங்களை மடித்துக் கதை சொல்வான். அவன் அம்மாவுக்கு நினைவு வந்து வந்து போகும். சொந்தத் தாத்தாவே ஒரு கண்ணைப் பறித்துவிட்டார், மீதிக் கண்ணையும் கேட்கிறார். அது போய்விட்டால் மனிதரின் துயரம் எதுவும் தெரியாது, குறையே இல்லாத உலகில் என்னோடு இருக்கலாம் என்கிறார். மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கோரலைனின் இன்னொரு அம்மா கேட்டதும் இதைத்தானே! இரண்டு குழந்தைகளும் குறையுள்ள உலகமே போதும் என்று திரும்பி வருகிறார்கள்.

இந்தக் கதைகளைக் கையால் நகர்த்திய பொம்மைகளை வைத்துச் சொல்வதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். கை பட்டால் குறை இருக்கும். ஒவ்வொரு முறை தொடும்போதும் முடியும் துணியும் துளி கலையும், திரையில் லேசாகத் துடிக்கும். அந்தத் துடிப்பைத்தான் நான் உயிர் என்கிறேன்.

அதனால்தான் முகங்களைப் பற்றி எனக்கு இரண்டு மனம். கோரலைன்தான் பொம்மைகளின் முகங்களை த்ரீ-டி பிரிண்டரில் அச்சடித்த முதல் முழுநீளப் படம். நெற்றியும் புருவமும் ஒரு துண்டு, வாயும் கன்னமும் இன்னொரு துண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் பொருத்தினால் இரண்டு லட்சத்துக்கு மேல் முகபாவங்கள். நடுவில் தெரியும் கோட்டைக் கணினியில் அழித்துவிடுவார்கள். கோரலைனின் முகங்கள் வண்ணமின்றி வந்ததால் மச்சப் புள்ளிவரை கையால் தீட்டினார்கள். 2012இல் ‘பாராநார்மன்’ வந்தபோது வண்ணமும் சேர்ந்தே அச்சானது. இந்த நுட்பத்துக்காக 2016இல் ஆஸ்கர் அகாடமி தனிப் பட்டயம் தந்தது. கைவினையும் கருவியும் கைகோத்த அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் 2019இல் வந்த ‘மிஸ்ஸிங் லிங்க்’ படத்தில் முகங்கள் அவ்வளவு வழவழப்பாகிவிட்டன. பாதிப் படம்வரை இது கணினியில் வரைந்தது என்றே என் மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். குறையை அவ்வளவு தூரம் துடைத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அந்தப் படத்துக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. வசூல்தான் கைவிட்டது. ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவு, வந்தது சுமார் 2.6 கோடி. லைக்காவின் ஐந்து முழுநீளப் படங்களும் ஆஸ்கருக்குப் பரிந்துரையாயின. ஐந்து முறையும் விருது டிஸ்னி, பிக்ஸார் படங்களுக்கே போனது. பெரும் பணக்காரர் ஒருவர் பின்னால் நிற்காவிட்டால் இந்தப் பொம்மைகள் எப்போதோ பெட்டிக்குள் போயிருக்கும். வின்டனுக்கு நடந்தது மனதை உறுத்தினாலும் இந்த உண்மையையும் நான் சொல்லியாக வேண்டும். 2024இல் கோரலைன் மறுபடி தியேட்டருக்கு வந்தது. 15 வயதான அந்தப் பழைய படம் உலகம் முழுக்க 5 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தது, மிஸ்ஸிங் லிங்க் ஈட்டியதைப்போல இரு மடங்கு. ஜனங்களுக்குக் கை தெரிய வேண்டியிருக்கிறது.

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பொத்தான் டப்பா அவள் மேஜையில் இருக்கிறது.

லைக்காவின் படம் எதைப் பார்த்தாலும் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். கூபோவில் 16 அடி உயர எலும்புக்கூட்டை ஆட்கள் ஏறி இறங்கிக் கட்டுவதை அங்கேதான் காட்டுவார்கள். 2014இல் வந்த ‘தி பாக்ஸ்ட்ரால்ஸ்’ படத்தின் கடைசியில் இரண்டு பொம்மைகள், நம்மை யாராவது மேலிருந்து ஆட்டி வைக்கிறார்களோ என்று பேசிக்கொள்ளும். காமிரா மெல்லப் பின்னால் போகும். பொம்மைகளைச் சுற்றி ஒரு மனிதர் மின்னி மின்னி மறைவார், குனிவார், தொடுவார், நகர்வார். அவர் டிராவிஸ் நைட்.