ஓர் எழுத்தும் ஒரு பதிவேடும்

பள்ளி விடுமுறையின் முதல் நாள் அலுவலக வரிசைகளிலேயே கழிந்தது. தங்கை மகளின் பிறப்புப் பத்திரத்தில் பிழையாக விழுந்த ஓர் எழுத்தைத் திருத்த வேண்டும். முதல் முகப்பில் எண் சீட்டு தீர்ந்துவிட்டது. இரண்டாவதில் நகல் போதவில்லை என்றார்கள். நகலெடுத்துத் திரும்பினால் கணினி முடங்கியிருந்தது. "ஓர் எழுத்துதானே ஐயா, விட்டுவிடுங்கள்" என்றார் அருகில் நின்றவர்.

விட மனம் வரவில்லை. பேஸ்பால் வரலாற்றைப் படிப்பதில் எனக்கு நெடுநாளைய விருப்பம் உண்டு. அவ்வரிசையில் நின்றபோது ஜோஷ் கிப்சனை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவின் முதன்மை அணிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில், நீக்ரோ லீக்கில் ஆடிய மாபெரும் மட்டையாளர் அவர். 1947 சனவரியில், தம் 35ஆம் வயதில் மறைந்தார். மூன்று மாதங்களுக்குள், ஏப்ரல் 15ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் அத்தடையைத் தகர்த்துக் களமிறங்கினார்.

கிப்சனின் ஆட்டக் கணக்குகள் பழைய செய்தித்தாள்களில் சிதறிக் கிடந்தன. ஆய்வாளர்கள் அவற்றைப் பல்லாண்டுகள் தேடித் தொகுத்தனர். 2024 மே மாதம் அவை முதன்மைப் பதிவேட்டில் ஏறின. ஆயிரம் வாய்ப்புகளுக்கு 372 வெற்றி அடிகள் என்ற வாழ்நாள் சராசரியால், நெடுங்காலம் முதலிடத்திலிருந்த டை காப்பின் 367ஐ அவர் கடந்தார். காண அவர்தாம் இல்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் பெயர் எந்த ஏட்டில் ஏறினாலும் அன்றே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஆசிரியர்களே, நம் வகுப்புப் பதிவேட்டையும் அவ்வாறே பாருங்கள். பிழை கண்டால் அலையத் தயங்க வேண்டா. உரியவர் காணும் காலத்திலேயே திருத்தம் வந்து சேரட்டும்.