கொக்குக்காக மின்கம்பம் பிடுங்கிய ஊர்

கொரியா போய்வந்த நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். சோல், நாமி தீவு, ஜெஜு என்று ஒரே வரிசையில்தான் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகள் போட்ட பட்டியலும் அதுவே. அதில் நான் பிடிவாதமாகச் சேர்த்தது ஒரே ஓர் ஊர்: சுன்சோன். நாட்டின் தென்கோடியில், கடலை ஒட்டிய நகரம். சோல் யோங்சான் நிலையத்தில் கேடிஎக்ஸ் விரைவு ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்.

சுன்சோன் இருக்கும் தென் ஜொல்லா மாநிலத்தில் பல ஊர்கள் சுருங்கி வருகின்றன. இளையோர் வேலை தேடித் தலைநகருக்குப் போய்விட, கிராமங்களில் முதியோரே மிச்சம். அந்த மாநிலத்தில் சுன்சோன் ஒரு விதிவிலக்கு. ஏறத்தாழ 280,000 பேருடன், பக்கத்து ஊரான யோசுவையும் முந்தி, மாநிலத்தில் அதிக மக்கள் வாழும் நகரமாகிவிட்டது. ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். ஊரின் தெற்கே சில கிலோமீட்டரில் சுன்சோன் விரிகுடாவின் சதுப்பு நிலம். நகரம் அந்தப் பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த ஊரின் முப்பது ஆண்டுக் கதை.

1990களில் ஆற்று முகத்துவாரத்தில் மணலும் சரளையும் அள்ள ஒரு திட்டம் வந்தது. உள்ளூர்வாசிகளும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அந்தச் சேற்றில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கப் போனபோதுதான் குளிர்காலத்தில் அங்கு வந்து தங்கும் அரிய பறவை ஒன்று வெளியுலகின் கவனத்துக்கு வந்தது. கொரிய மொழியில் ஹுக்துருமி. கரும்சாம்பல் உடல், வெண்கழுத்து, நெஞ்சுயரம் வரும் கொக்கு. மணல் திட்டம் கைவிடப்பட்டது. 2006இல் விரிகுடா ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் கொரியாவின் மற்ற சில சேற்றுவெளிகளோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆனது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆண்டு 2009. கொக்குகள் இரவில் சேற்றுவெளியில் தங்கி, பகலில் பக்கத்து வயல்களில் மேயும். பறக்கும்போது மின்கம்பிகளில் அடிபட்டுச் செத்தன. நகர நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? வயல்வெளியில் இருந்த 282 மின்கம்பங்களைப் பிடுங்கி எடுத்துவிட்டது. அங்கே 59 ஹெக்டேர் வயலில் பூச்சிமருந்து இல்லாமல் நெல் விளைவிக்க விவசாயிகளோடு ஒப்பந்தமும் போட்டது. விளைந்ததில் ஒரு பங்கு குளிர்காலத்தில் பறவைகளுக்கே இரை. அந்த மாதங்களில் வாகனங்களை வயலுக்குள் விடாமல் காவல் இருப்பதும் அதே விவசாயிகள்தான். 1990களில் நூறுகூடத் தேறாத கொக்குகள் இப்போது ஆயிரக்கணக்கில் வருகின்றன. சதுப்பு என்றால் மண் கொட்டி நிரப்ப வேண்டிய இடம் என்று பார்த்தே பழகிவிட்ட எனக்கு இது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

கொக்கை மட்டும் வைத்துக்கொண்டு நகரம் நகர்வதைத் தடுக்க முடியாதே. அதற்குத்தான் தோட்டம். நகருக்கும் சதுப்புக்கும் இடையே இருந்த நிலத்தில் 2013இல் பன்னாட்டுத் தோட்டக் கண்காட்சி நடத்தினார்கள். ஆறு மாதத்தில் 44 லட்சம் பேர் வந்தார்கள். கண்காட்சி முடிந்ததும் கலைத்துவிட்டு மனைகளாக விற்கவில்லை. 2015இல் கொரியாவின் முதல் தேசியத் தோட்டமாக அறிவிக்கப்பட்டது. அதாவது 90 ஹெக்டேருக்கும் மேற்பட்ட ஒரு பச்சை வேலி. அடுக்குமாடிகள் அதைத் தாண்டிக் கடல் பக்கம் வர வழியில்லை. 2023இல் மறுபடியும் கண்காட்சி. இம்முறை ஆற்றோரத் தார்ச்சாலையில் சுமார் ஒரு கிலோமீட்டரை மூடிப் புல் பதித்தார்கள். வந்தவர்கள் 98 லட்சம்.

தோட்டத்துக்குள் பல நாட்டுத் தோட்டங்கள் இருக்கின்றன. காற்றாலை, பூப்பாத்தி, படமெடுக்க வரிசை. அவை எல்லாம் எங்கும் பார்க்கக்கூடியவை என்று நான் வேகமாகக் கடந்துவிட்டேன். நின்று பார்த்தது நடுவில் உள்ள ஏரியை. சார்ல்ஸ் ஜெங்ஸ் என்ற கட்டடக் கலைஞர் சுன்சோனின் மலைகளையும் ஆற்றையும் சிறிய வடிவில் இங்கே மண்மேடுகளாக அமைத்திருக்கிறார். நத்தைக்கூடு போல் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையில் என் மகன் ஓடி ஏறினான். நாங்கள் மூச்சு வாங்கப் பின்னால் போனோம்.

விரிகுடா மாலைக்கு உரியது. நாணல் மட்டுமே 5 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் நடுவே மரப்பலகைப் பாதை. நவம்பர் கடைசியில் நாணல் பொன்னிறமாகிக் காற்றில் சாய்ந்தபடி இருந்தது. பாதை முடிந்ததும் யோங்சான் என்ற சிறு குன்று. சோல் ரயில் நிலையத்தின் பெயரேதான், இது வேறு. மேலே நின்றால் நீரோடை சேற்றின் நடுவே வளைந்து வளைந்து கடலுக்குப் போவது தெரிகிறது. பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் குன்றை விட்டுவிடலாம். பலகைப் பாதை சமதரை, சக்கர நாற்காலிக்கும் சிரமமில்லை. கொக்குகள் வரிசையாகச் சேற்றில் இறங்கியபோது கூட்டத்தில் யாரும் சத்தம் போடவில்லை. கைபேசியை உயர்த்திய என் மகளும் பிறகு அதைக் கீழே இறக்கிவிட்டாள்.

மறுநாள் நாகான் கோட்டைக் கிராமம். நகரிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டருக்கு மேல். 1397இல் ஜப்பானியக் கடற்கொள்ளையரைத் தடுக்க மண்சுவராக எழுந்து, பின்னால் கற்கோட்டையானது. சுவர் 1,410 மீட்டர், மேலேயே நடக்கலாம். உள்ளே கூரை வீடுகள். கொரியாவில் இப்படிப் பழங்காலக் கிராமங்கள் நிறைய உண்டு, பலவற்றில் ஆள் இருப்பதில்லை. நாகானில் குடும்பங்கள் உண்மையாகவே வாழ்கின்றன. கொடியில் துணி காய்கிறது, திண்ணையில் மிளகாய் காய்கிறது. 1983இலிருந்து பாதுகாக்கப்பட்ட வரலாற்றுத் தலம் என்பதால் கூரையை மாற்றி ஓடு போட முடியாது. வைக்கோலை அடிக்கடி புதிதாக வேய வேண்டும்.

சில வீடுகளில் இரவு தங்கலாம். நம் கம்போங் ஹோம்ஸ்டே போல. தரைக்கு அடியிலிருந்து சூடு வரும் அறை, மெல்லிய மெத்தை. பகலெல்லாம் பயணிகள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தபடியே போனார்கள். "ஏம்மா, வாசல்ல யாராவது பாத்துக்கிட்டே இருந்தா இவங்களுக்குக் கோவம் வராதா?" என்று மகள் கேட்டாள். கைபேசி மொழிபெயர்ப்பின் உதவியோடு வீட்டுக்கார ஹல்மோனியிடமே கேட்டோம். அவர் சிரித்தார். வரத்தான் செய்யும், ஞாயிற்றுக்கிழமை நான் கொல்லைப்புறத்தில்தான் உட்காருவேன் என்றார். பிறகு, தன் தங்கை ஊரில் பள்ளியையும் கடையையும் மூடிவிட்டார்கள், இங்கே இரண்டு கடை இருக்கிறது, பேருந்து வருகிறது என்றார். அவருடைய பிள்ளைகள் குவாங்ஜுவில். பண்டிகைக்கு வருவார்களாம்.

அந்தப் பதில் என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. சுற்றுலா இல்லாவிட்டால் அந்தக் கிராமமும் ஆளில்லாமல் போயிருக்கலாம். சுற்றுலா இருந்தும் அவர் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. தங்குவதற்குக் கொடுக்கும் பணம் அந்த வீட்டுக்காரர் கைக்கே போகும் என்பதால், பகலில் வந்து படமெடுத்துவிட்டுத் திரும்புவதைவிட ஓர் இரவு தங்குவது மேல் என்பேன். ஐந்து மணிக்குப் பேருந்துகள் போனபின் கோட்டைக்குள் இருக்கும் அமைதியும் அப்போதுதான் கிடைக்கும்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். விரிகுடாப் பக்கம் பிரபலமானது சேற்றில் துள்ளும் மீனை அரைத்துக் கொதிக்கவைத்த சூப். நம் ஊர் பெலாச்சாக்கின் உறவுதான் அந்த மீன். என் கணவர் இரண்டு கிண்ணம் குடித்தார். சைவக்காரர்கள் மலைக்கீரை பிபிம்பாப் கேட்கலாம், முட்டை வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன்சாறு அல்லது உப்பிட்ட இறால் இருக்கும். அதனால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பக்கத்து ஊர் போல்க்யோ சிப்பிக்குப் பேர்போனது. அங்கே தட்டில் வந்ததைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்திவிட்டார்கள்: "அம்மா, கெராங்!" சந்தேகமே இல்லை, நாம் குவே தியாவில் போடும் அதே இனம். இங்கே பெண்கள் நீளப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் சேற்றைத் தள்ளிச் சறுக்கிக்கொண்டே போய் இதைப் பொறுக்குகிறார்கள்.

கொக்கு பார்க்க விரும்புகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். காற்று காதை அறுக்கும், குல்லாய் அவசியம். தோட்டத்துக்கும் விரிகுடாவுக்கும் ஒரே டிக்கெட், அதைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.